ஏலத் தொகைக்கு அப்பால்: ஒரு கபடி வீரரின் வாழ்க்கைக் கணக்கு

புரோ கபடி லீக் ஏலம் முடிந்த மறுநாள் நாளிதழ்களின் விளையாட்டுப் பக்கத்தில் சில எண்கள் பெரிய எழுத்தில் வரும். 2025 மே மாதக் கடைசியில் மும்பையில் தொடங்கிய ஏலத்தில் ஈரான் வீரர் முகமதுரேசா ஷாட்லுயியை குஜராத் அணி 2.23 கோடி ரூபாய்க்கு எடுத்தது. அந்த ஏலத்தில் பத்து வீரர்கள் ஒரு கோடியைத் தாண்டினார்கள். இந்தச் செய்தி திருப்பரங்குன்றம் பக்கத்து நிலையூருக்கும் தனக்கன்குளத்துக்கும் விளாச்சேரிக்கும் வலையங்குளத்துக்கும் வந்து சேரும்போது, நன்றாக ஆடும் ஒவ்வொரு பையனின் வீட்டிலும் ஒரே பேச்சுதான் எழுகிறது. படிப்பைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டுக் கபடியையே முழுநேரமாகப் பிடித்துக்கொள்ளலாமா என்று பையன் கேட்கிறான். என்ன பதில் சொல்வது என்று பெற்றோருக்குத் தெரிவதில்லை.

ஆசை தவறில்லை. ஆனால் ஒரு தொழில்முறை கபடி வீரரின் வாழ்க்கை எதன்மேல் நிற்கிறது என்பதை அந்த ஏல எண் சொல்வதில்லை. தொடங்கும் வயது, ஓயும் வயது, இடையில் உடல் படும் பாடு, ஆண்டு முழுக்க வரும் வருமானம், ஆட்டம் முடிந்த பின் மிஞ்சும் வாழ்க்கை எல்லாம் சேர்ந்ததுதான் முழுக் கணக்கு. திருப்பரங்குன்றம் வட்டாரத்தில் பிள்ளைகளைக் களத்துக்கு அனுப்பும் குடும்பங்களுக்காக அந்தக் கணக்கை இங்கே நிதானமாகப் போட்டுப் பார்க்கிறோம்.

ஏல எண் சொல்வதும் சொல்லாததும்

புரோ கபடி லீக் 2014 ஜூலை 26 அன்று எட்டு அணிகளோடு தொடங்கியது. அந்த முதல் ஏலத்தில் மிக அதிக விலை போனவர் ராகேஷ் குமார்; பாட்னா அணி அவருக்குக் கொடுத்தது 12.80 லட்சம் ரூபாய். 2017இல் தமிழ் தலைவாஸ் உள்ளிட்ட நான்கு அணிகள் சேர்ந்து, மொத்தம் 12 அணிகள் ஆயின. 2018இல் மோனு கோயத் 1.51 கோடிக்குப் போனார். 2023இல் பவன் ஷெராவத்துக்கு தெலுங்கு டைட்டன்ஸ் கொடுத்தது 2.605 கோடி. பத்தாண்டுகளுக்குள் உச்சத் தொகை இருபது மடங்காகியிருக்கிறது. மண் தரையில் ஆடிய ஓர் ஆட்டத்துக்கு இது பெரிய மரியாதை. அதில் நாம் மகிழ்ச்சி கொள்ள வேண்டும்.

இனி அந்த உச்சியிலிருந்து கீழே பார்ப்போம். வீரர்களை ஏ, பி, சி, டி என நான்கு பிரிவாகப் பிரித்துத்தான் ஏலம் விடுகிறார்கள். அண்மை சீசன்களில் அடிப்படை விலை ஏ பிரிவுக்கு 30 லட்சம், பி பிரிவுக்கு 20 லட்சம், சி பிரிவுக்கு 13 லட்சம், டி பிரிவுக்கு 9 லட்சம். ஓர் அணி வீரர்களுக்காக மொத்தம் 5 கோடி ரூபாய்தான் செலவிட முடியும். அந்தப் பணத்துக்குள் குறைந்தது 18 பேரையும் அதிகபட்சம் 25 பேரையும் வைத்துக்கொள்ள வேண்டும். ஒரே வீரருக்கு 2.60 கோடி போய்விட்டால், மீதி 2.40 கோடியை மற்ற 17 பேராவது பகிர்ந்துகொள்ள வேண்டும். தலைக்குச் சுமார் 14 லட்சம் வருகிறது. அதுவும் சராசரிதான், சிலருக்கு அதைவிடக் கூடும், பலருக்குக் குறையும். அதிலிருந்து வருமான வரியும் போக வேண்டும்.

எல்லா அணிகளும் 25 பேரை வைத்துக்கொண்டாலும் நாடு முழுக்க 300 இடங்கள்தான். அதில் ஈரான் போன்ற வெளிநாட்டு வீரர்களுக்கும் பங்கு உண்டு. இடம் கிடைத்தவர்கள் எல்லாரும் ஆடுவதும் இல்லை. ஓர் ஆட்டத்துக்குக் களத்தில் ஏழு பேர், மாற்று வீரர்கள் ஐந்து பேர் என 12 பேர் பெயர்தான் வரும். மற்றவர்கள் பயிற்சி செய்துகொண்டு காத்திருப்பார்கள். காத்திருக்கும் சீசனில் திறமையைக் காட்ட வழியில்லை. காட்டாவிட்டால் அடுத்த ஏலத்தில் விலை ஏறாது. இளம் வீரர்களில் பலர் இந்த இடத்தில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இந்தத் தொகை ஒரு சீசன் ஆடுவதற்கான ஊதியம். 2024இல் லீக் அக்டோபர் 18 முதல் டிசம்பர் 29 வரை நடந்தது. 2025இல் ஆகஸ்ட் 29 முதல் அக்டோபர் 31 வரை. ஆண்டில் ஏறத்தாழ இரண்டு மாதம் ஆட்டம், அதற்கு முன் சில வாரங்கள் முகாம். மிச்ச மாதங்களில் லீக் சம்பளம் கிடையாது. அந்த மாதங்களிலும் வீரர் முட்டையும் பாலும் கறியும் சாப்பிட வேண்டும், உடற்பயிற்சி செய்ய வேண்டும், வீட்டு வாடகை கொடுக்க வேண்டும்.

சீசனே நடக்காமலும் போகலாம். 2019 அக்டோபரில் ஏழாவது சீசன் முடிந்தது. கொரோனா வந்தது. எட்டாவது சீசன் தொடங்கியது 2021 டிசம்பர் 22 அன்று. இடையில் இரண்டு ஆண்டுக்கும் மேல் லீக் ஆட்டம் இல்லை. பத்து, பன்னிரண்டு ஆண்டுகளே உச்சத்தில் ஆட முடிகிற ஒருவருக்கு இரண்டு ஆண்டு என்பது ஆட்ட வாழ்க்கையில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு. அந்தக் காலத்தைத் தாங்கியவர்களில் பலர் ரயில்வேயிலோ ராணுவத்திலோ அரசு நிறுவனத்திலோ மாதச் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தவர்கள்.

மதுரைச் சுற்றுவட்டாரத்து மக்களுக்குப் புரிகிற மாதிரி சொல்வதென்றால், ஏலப் பணம் மானாவாரி விளைச்சல். விளையாட்டு ஒதுக்கீட்டில் கிடைக்கும் வேலை கிணற்றுப் பாசனம். மழை நன்றாகப் பெய்த ஆண்டில் மானாவாரி அள்ளிக் கொடுக்கும். குடும்பத்தைக் காப்பாற்றுவது கிணறுதான்.

ஒரு முழங்கால், நான்கு விலைகள்

கபடியில் உடல்தான் கருவி. பாடிப்போகும் ரைடருக்கு ஒவ்வொரு முறையும் 30 நொடி. ஆட்டத்தின் ஒவ்வொரு பாதியும் 20 நிமிடம். முன்னணி ரைடர் ஒருவர் ஓர் ஆட்டத்தில் பதினைந்து, இருபது முறை எதிரணிக்குள் தனியாகப் பாடிக்கொண்டு போகிறார். உள்ளே ஏழு பேர் நிற்கிறார்கள். ஓரத்தில் நிற்கும் கார்னர் கணுக்காலைப் பிடிக்கிறார், அவருக்கு உள்பக்கம் நிற்கும் கவர் இடுப்பில் மோதுகிறார், மற்றவர்கள் மேலே விழுகிறார்கள். நடுக்கோட்டை நோக்கி உடல் திரும்பும்போது கால் மட்டும் பிடியில் மாட்டியிருக்கும். அந்தத் திருகலை வாங்கிக்கொள்வது முழங்கால்.

ஆட்டம் மண்ணிலிருந்து ‘மேட்’ எனும் செயற்கை விரிப்புக்கு மாறியதும் இதில் ஒரு காரணம். மண்ணில் பாதம் சற்று வழுக்கும். சிராய்ப்பும் எரிச்சலும் அதிகம், ஆனால் விசையில் ஒரு பகுதி அந்த வழுக்கலில் போய்விடும். மேட்டில் ஷூ இறுகப் பிடித்துக்கொள்கிறது. அதனால் வேகம் கூடுகிறது. அதே பிடிமானத்தால், உடல் திரும்பும்போது பாதம் திரும்பாமல் நின்றுவிடும் ஆபத்தும் உண்டு. முழங்காலுக்குள் இருக்கும் தசைநார் ஒன்று அறுந்தால் பெரும்பாலும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும்; களத்துக்குத் திரும்ப ஒன்பது மாதம், சில நேரம் ஓராண்டு ஆகும். வாழ்நாள் முழுக்க மண்ணிலேயே பழகிவிட்டு, மாநிலத் தேர்வு அன்றுதான் முதல்முறையாக மேட்டில் கால் வைக்கும் கிராமத்துப் பையனுக்கு இந்த ஆபத்து இன்னும் அதிகம்.

பவன் ஷெராவத்தின் கதை இதை முழுமையாக விளக்கும். 2022இல் தமிழ் தலைவாஸ் அவரை 2.265 கோடிக்கு எடுத்தது. அதுவரை லீக்கில் யாருக்கும் அவ்வளவு கொடுத்ததில்லை. அக்டோபர் 8 அன்று பெங்களூரு கண்டீரவா அரங்கில் குஜராத்துக்கு எதிராக முதல் ஆட்டம். சில நிமிடங்களிலேயே முழங்காலில் அடிபட்டு வெளியே தூக்கிச் செல்லப்பட்டார். அந்த சீசன் முழுக்க அவர் திரும்பவில்லை. அவர் இல்லாமலேயே தலைவாஸ் அந்த ஆண்டு அரையிறுதி வரை போனது. அடுத்த ஆண்டு 2.605 கோடி. ஹாங்சோ ஆசிய விளையாட்டில் இந்திய அணிக்குக் கேப்டனாகத் தங்கம் வென்றார். அதற்கடுத்த ஏலத்தில் 1.725 கோடி. 2025இல் மறுபடி தமிழ் தலைவாஸ் அணிக்கு வந்தபோது 59.50 லட்சம்.

நாட்டின் மிகச் சிறந்த ரைடர்களில் ஒருவருக்கே மூன்று ஆண்டுகளில் விலை இப்படி ஏறி இறங்குகிறது. அடிபட்டும் அவரால் மீண்டு வர முடிந்ததற்கு நல்ல மருத்துவமும், பெரிய பெயரும், ரயில்வே வேலையும் துணை நின்றன. டி பிரிவில் 9 லட்சத்துக்குப் போன ஒரு பையனுக்கோ, திருவிழாக் கபடியில் ஆடும் ஒரு கல்லூரி மாணவனுக்கோ அதே முழங்கால் போனால் என்ன துணை இருக்கிறது? பல ஊர்களில் ஆம்புலன்ஸ்கூட இல்லாமல் போட்டி நடக்கிறது. 2022 ஜூலையில் பண்ருட்டி அருகே மானடிக்குப்பத்தில் பாடிப்போன ஓர் இளைஞர் களத்திலேயே உயிரிழந்தார். அந்தக் காட்சியைத் தமிழ்நாடே பார்த்தது. பார்த்துவிட்டு மறந்துவிடக் கூடாது.

வேலைதான் முதுகெலும்பு

லீக் வருவதற்கு முன் தமிழ்நாட்டில் கபடி வீரர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்பதைப் பார்த்தால், இன்றைக்கும் எது நிலைக்கும் என்பது விளங்கும். ஆலைகளும் மின்வாரியமும் காவல்துறையும் ரயில்வேயும் வங்கிகளும் அணி வைத்திருந்தன. நன்றாக ஆடுகிறவனுக்கு அங்கே வேலை கிடைத்தது. காலையில் பயிற்சி, பகலில் பணி, போட்டி வந்தால் சம்பளத்தோடு விடுப்பு. ஆட்டம் ஓய்ந்த பிறகும் மேசையும் நாற்காலியும் இருந்தன.

தூத்துக்குடி மாவட்டம் மணத்தி என்ற சிற்றூரிலிருந்து வந்த கணேசன் 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற இந்திய அணியில் ஆடினார், அர்ஜுனா விருதும் பெற்றார். அவருடைய வாழ்க்கையைத் தழுவி மாரி செல்வராஜ் இயக்கிய ‘பைசன்’ 2025 அக்டோபரில் வெளிவந்தது. திறமை இருந்தும் சாதியும் ஊர்ப்பகையும் எப்படி ஒருவனைக் கோட்டுக்கு வெளியே நிறுத்தப் பார்க்கின்றன என்பதை அந்தப் படம் பார்த்தவர்கள் அறிவார்கள். லீக் பணம் என்ற ஒன்றே இல்லாத காலத்தில் அந்தத் தலைமுறை ஆடியது.

இன்னொருவர் தஞ்சை மாவட்டத்தின் தர்மராஜ் சேரலாதன். 1975இல் பிறந்தவர். லீக் தொடங்கியபோது அவருக்கு வயது நாற்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. மற்றவர்கள் ஓய்வு பெறும் வயதில் அவர் தொடங்கினார். 2016இல் பாட்னா பைரேட்ஸ் கேப்டனாகக் கோப்பையை வென்றார். அதே ஆண்டு அகமதாபாத்தில் ஈரானை வீழ்த்தி உலகக் கோப்பை வென்ற இந்திய அணியிலும் இருந்தார். பின்னர் தமிழ் தலைவாஸ் அணியின் பயிற்சியாளர் பொறுப்புக்கு வந்தார். கட்டுப்பாடான உணவும் ஒழுங்கான பயிற்சியும் ஒருவரை எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு அவர் நல்ல சான்று. ஆனால் அவர் விதிவிலக்கு. பெரும்பாலான வீரர்களுக்கு முப்பது, முப்பத்திரண்டு வயதில் வேகம் குறையும். அதற்குப் பிறகு இன்னும் முப்பது ஆண்டு உழைத்துப் பிழைக்க வேண்டும்.

வேலை என்ற இந்தக் கேள்வி நமக்கு மட்டும் வந்ததில்லை. கபடியைப் போலவே மோதியும் பிடித்தும் ஆடும் ரக்பி லீக் பிறந்ததே இந்தக் கேள்வியிலிருந்துதான். இங்கிலாந்தின் வடபகுதியில் ஆலைத் தொழிலாளர்களும் சுரங்கத் தொழிலாளர்களும் சனிக்கிழமைகளில் ரக்பி ஆடினார்கள். ஆடப் போனால் அன்றைய கூலி போய்விடும். இழந்த கூலியையாவது ஈடுகட்டுங்கள் என்று வடக்கத்தி சங்கங்கள் கேட்டன. வசதியானவர்கள் கையில் இருந்த தலைமைச் சங்கம் மறுத்தது. 1895 ஆகஸ்ட் 29 அன்று ஹட்டர்ஸ்ஃபீல்டு நகரில் வடக்கத்தி சங்கங்கள் கூடித் தனியாகப் பிரிந்தன. பின்னால் அணிக்கு 13 பேர் என்று விதியையும் மாற்றிக்கொண்டு தனி ஆட்டமாக வளர்ந்தன. தாய்ச் சங்கமான ரக்பி யூனியன் வீரருக்குச் சம்பளம் கொடுக்க வெளிப்படையாக ஒப்புக்கொண்டது 1995இல்தான்; சரியாக நூறு ஆண்டு கழித்து.

அந்த வடக்கத்தி அமைப்பு 1898இல் ஆட்டத்துக்குச் சம்பளம் கொடுக்க அனுமதித்தபோது ஒரு நிபந்தனை வைத்தது: ஆடுகிறவருக்கு ஆட்டத்துக்கு வெளியே ஒழுங்கான வேலை இருக்க வேண்டும். 1905இல் அந்த நிபந்தனையை எடுத்துவிட்டார்கள். அந்த ஆட்டம் பரவிய ஆஸ்திரேலியாவில் இன்று ரக்பி லீக் வீரர்களுக்கென்று வலுவான சங்கம் இருக்கிறது. 2023இல் அந்தச் சங்கம் மாதக்கணக்கில் போராடிப் பேசி லீக் நிர்வாகத்தோடு கூட்டு ஒப்பந்தம் செய்துகொண்டது. பெண் வீரர்களும் அதில் முதல்முறையாகச் சேர்க்கப்பட்டார்கள். கூலி இழப்பில் தொடங்கிய ஒரு கேள்விக்கு, நூற்றிருபத்தைந்து ஆண்டுக்கு மேல் கூட்டாகப் பேசிப் பேசி அவர்கள் விடை தேடியிருக்கிறார்கள். நம் லீக் தொடங்கியதே 2014இல்தான். மதுரா மில் தொழிலாளர்களுக்காக எழுந்த ஹார்விபட்டி இருக்கும் இந்த மண்ணுக்கு, ஒரு நாள் கூலி போனால் வீட்டில் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எந்தச் சான்றிதழ் வேலை தரும்

பெற்றோர் பலருக்குத் தெரியாத செய்தி இது. தமிழக அரசுத் துறைகளிலும் பொதுத்துறை நிறுவனங்களிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 விழுக்காடு ஒதுக்கீடு இருக்கிறது. ரயில்வே, அஞ்சல், வருமானவரி போன்ற மத்திய அரசுத் துறைகளிலும் விளையாட்டு ஒதுக்கீடு உண்டு. தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கையில் விளையாட்டுக்கென 500 இடங்கள் உள்ளன. இவற்றுக்கெல்லாம் போகும்போது கேட்பது கோப்பைகளை அல்ல, முறையான சான்றிதழ்களை.

மத்திய அரசு வேலைக்கு அந்தச் சான்றுகள் படிவங்களாகவே வகுக்கப்பட்டுள்ளன. நாட்டுக்காக ஆடியதற்குப் படிவம் 1. மாநிலத்துக்காகத் தேசியப் போட்டியில் ஆடியதற்குப் படிவம் 2. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டிக்குப் படிவம் 3. தேசிய அளவிலான பள்ளி விளையாட்டுக்குப் படிவம் 4. ஊர்த் திருவிழாவில், பொங்கல் போட்டியில், தலைவர்கள் பிறந்தநாள் போட்டியில் வாங்கிய பரிசு எத்தனை இருந்தாலும் இந்த வரிசையில் அதற்கு இடமில்லை. வாரம் இரண்டு ஊருக்குப் போய் ஆடி, ரொக்கப் பரிசைப் பங்கு பிரித்து, இருபத்தைந்து வயதில் கையில் ஒரு படிவமும் இல்லாமல் நிற்கும் நல்ல வீரர்களை இந்த மாவட்டத்தில் நாம் நிறையப் பார்த்திருக்கிறோம்.

ஊர்ப் போட்டியை இதனால் குறைத்துச் சொல்லவில்லை. இரவு விளக்கொளியில் ஊரே கூடி நிற்கும் அந்தக் களம்தான் பயத்தைப் போக்குகிறது, கால் பழக்குகிறது. ஆனால் அது முதல் படி. அங்கிருந்து பள்ளி அணி, மாவட்ட அணி, முதலமைச்சர் கோப்பை, மாநில அணி, தேசியப் போட்டி என்று ஏற வேண்டும். கல்லூரியில் சேர்ந்தால் காமராசர் பல்கலைக்கழக அணித் தேர்வுக்குப் போகலாம். பள்ளி வயதில் திறமை தெரிந்தால் தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையத்தின் விடுதியில் சேர முயலலாம்; மதுரையிலும் அந்த விடுதி இருக்கிறது. தங்குமிடம், உணவு, பயிற்சி, பள்ளிப் படிப்பு நான்கும் அங்கே ஒன்றாக நடக்கும். போக்குவரத்துக்கும் உபகரணத்துக்கும் பணம் இல்லாதவர்கள் 2023இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு சாம்பியன்ஸ் அறக்கட்டளைக்கு விண்ணப்பிக்கலாம்.

படிப்பை விடக் கூடாது என்று சொல்வதற்கும் இதில்தான் காரணம் இருக்கிறது. விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைக்கும் கல்வித் தகுதி கேட்கிறார்கள். பத்தாம் வகுப்பில் நின்றவனுக்கு ஒரு பதவி, பட்டம் முடித்தவனுக்கு வேறு பதவி. சம்பளத்தில் அந்த வித்தியாசம் ஓய்வு பெறும்வரை தொடரும். பிற்காலத்தில் உடற்கல்வி ஆசிரியராகவோ பயிற்சியாளராகவோ ஆக வேண்டுமானால் உடற்கல்விப் பட்டமோ பாட்டியாலா தேசிய விளையாட்டு நிறுவனத்தின் பயிற்சிப் பட்டயமோ தேவை. படிவம் 3 வாங்குவதற்கே கல்லூரியில் மாணவனாக இருந்தாக வேண்டும். கபடிக்காகக் கல்லூரியை விடுகிறவன் கபடியின் ஒரு வாசலையே அடைத்துவிடுகிறான்.

பெண் பிள்ளைகளுக்கு

பெண்கள் கபடிக்குப் புரோ லீக் போன்ற நிலையான களம் இல்லை. 2016இல் மூன்று அணிகளை வைத்துப் பெண்களுக்கான போட்டி ஒன்றை லீக் ஒருமுறை நடத்தியது, அதோடு நின்றுவிட்டது. ஆனால் திறமைக்குப் பஞ்சமில்லை. 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் இந்தியப் பெண்கள் அணி தங்கம் வென்றபோது, அதில் சென்னை கண்ணகி நகரின் கார்த்திகா துணைக் கேப்டனாக இருந்தார். அதே போட்டியில் தங்கம் வென்ற ஆண்கள் அணியில் வடுவூர் அபினேஷ் ஆடினார். இருவருக்கும் தமிழக அரசு தலா 25 லட்சம் ரூபாய் வழங்கியது.

இங்கே வேறுபாட்டைப் பாருங்கள். அபினேஷுக்கு முன்னால் லீக் என்ற கதவு இருக்கிறது. கார்த்திகாவுக்கு முன்னால் இருப்பது வேலை ஒதுக்கீடும் நாட்டு அணியும்தான். அதனால் பெண் பிள்ளைகளுக்குச் சான்றிதழும் படிப்பும் இன்னும் பெரிய ஆதாரம். பெண்களுக்கு ஒரு முறையான லீக் வேண்டும் என்று கேட்பது சலுகை கேட்பதாகாது. 2023 ஹாங்சோவில் இந்திய ஆண்கள் தங்கம் வென்றார்கள். பெண்களும் தங்கம் வென்றார்கள். சம்பளம் மட்டும் ஒரு பக்கம்.

என்ன செய்ய வேண்டும்

ஊர்ப் போட்டி நடத்துகிறவர்களிடம் முதல் கோரிக்கை. பரிசுத் தொகையில் கொஞ்சம் குறைத்தாவது, களத்தருகே ஆம்புலன்ஸும் முதலுதவி தெரிந்த ஒருவரும் இருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். தரையைக் கொத்திக் கல் பொறுக்கி நீர் தெளியுங்கள். தலையில் அடிபட்டவனை அன்று மறுபடி இறக்காதீர்கள். சீருடையில் சாதி அடையாளம் வேண்டாம்.

பயிற்சி தரும் மூத்த வீரர்களுக்கு ஒன்று. உங்களிடம் வரும் பையன் எந்தப் போட்டியில் ஆடினால் எந்தச் சான்று கிடைக்கும் என்பதை அவன் வீட்டில் உட்கார்ந்து சொல்லுங்கள். அவன் ஆண்டுக்கு எத்தனை ஆட்டம் ஆடுகிறான் என்பதைக் கணக்கு வைத்துக்கொள்ளுங்கள். வலிக்கிற முழங்காலுக்குத் துணி சுற்றிக்கொண்டு ஆடுவது வீரம் என்று சொல்லிக்கொடுக்காதீர்கள்.

தமிழ் தலைவாஸ் நிர்வாகத்திடமும் கேட்க வேண்டியது உண்டு. பெயரில் தமிழ் இருக்கிறது. தென்மாவட்டங்களிலிருந்து வீரர்களை வளர்த்தெடுக்கும் முறையான பயிற்சிக்கூடம் அதற்கு இணையாக இருக்க வேண்டும். இளையோருக்கான யுவா கபடித் தொடரில் பழனி டஸ்கர்ஸ் போன்ற தமிழ்நாட்டு அணிகள் ஆடியபோது, இங்கே ஆள் இருப்பது தெரிந்தது. தேடி வருவது அணியின் கடமை.

அரசுக்கு இரண்டு. உள்ளூர் பிள்ளைகள் மேட்டில் பழக, ஒன்றியத்துக்கு ஒரு மேட் களமாவது வேண்டும். விளையாட்டுக் காயத்துக்கான சிகிச்சையும் பிசியோதெரபியும் கிராமத்து வீரருக்குச் செலவில்லாமல், அலைச்சலில்லாமல் கிடைக்க வேண்டும். நலிந்த நிலையில் இருக்கும் முன்னாள் வீரர்களுக்கு மாநில அரசு தரும் மாதம் 6,000 ரூபாய் ஓய்வூதியம் நல்ல ஏற்பாடு. ஆனால் அந்த நிலைக்கு ஒருவர் போகாமல் தடுப்பது அதைவிட நல்லது. லீக் வீரர்களுக்கும் தங்கள் காயத்துக்காகவும் ஓய்வுக்காலத்துக்காகவும் கூட்டாகப் பேச ஒரு சங்கம் வலுப்பெற வேண்டும்.

கடைசியாகப் பெற்றோருக்கு. பிள்ளை நன்றாக ஆடினால் தடுக்காதீர்கள். அவன் ஆடட்டும், உடம்பும் மனமும் உறுதிப்படும். ஆனால் மூன்று கேள்விகளை ஆண்டுதோறும் கேளுங்கள். இந்த ஆண்டு படிப்பில் ஒரு வகுப்பு மேலே போனானா? இந்த ஆண்டு ஒரு முறையான சான்றிதழாவது வந்ததா? அடிபட்டால் யார் பார்ப்பார்கள், செலவு யார் செய்வார்கள்? மூன்றுக்கும் பதில் இருந்தால் தயங்காமல் அனுப்புங்கள். லீக் வந்தால் நல்லது. வராவிட்டாலும் அவனுக்கு ஒரு வேலையும் வாழ்க்கையும் இருக்கும். அந்த உறுதி இருந்தால்தான் கபடி ஒரு தொழில்.